கணிதம் எடுக்காத மாணவி பி.எஸ்சி. வேதியியலில் சேர்ந்தால் மூன்று ஆண்டுகளில் என்னென்ன படிக்க வேண்டும்?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் படித்தவள், கணிதம் எடுக்கவில்லை. பி.எஸ்சி. வேதியியலில்தான் சேர்வேன் என்கிறாள். மூன்று ஆண்டுகளில் என்னென்ன பாடங்கள் இருக்கும்? கணிதத்தைத் தொடாமலே பட்டத்தை முடித்துவிட முடியுமா?

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் முதல் கேள்விக்கான பதிலும் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரப்போகிறது. கணிதத் தாள் ஒன்றுகூட எழுதாமல் பி.எஸ்சி. வேதியியல் பட்டம் பெறப் பல கல்லூரிகளின் விதிகள் இடம் கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பலர் அப்படிப் பெறவும் செய்கிறார்கள். ஆனால், கணிதத்தைத் தொடாமல் வேதியியலைப் படித்து முடிக்க முடியாது. தாள் வேறு, பாடம் வேறு என்பது சேரும்போது யாருக்கும் தெரிவதில்லை. இரண்டாம் ஆண்டில் வெப்ப இயக்கவியல் தொடங்கும்போதுதான் தெரிகிறது. கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் இயற்பிய வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்தக் கட்டத்தில் முகம் வாடிப்போன பிள்ளைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் பட்டப்படிப்பின் அமைப்பைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைவு பெற்ற கல்லூரிகளில் பி.எஸ்சி. வேதியியல் என்பது 3 ஆண்டுகள், 6 செமஸ்டர்கள், மொத்தம் 140 கிரெடிட் என்ற கணக்கில் வகுக்கப்பட்டிருக்கிறது. பாடங்கள் அனைத்தும் ஐந்து பகுதிகளில் அடங்கும். முதல் பகுதி தமிழ் அல்லது வேறொரு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது வேதியியல் முதன்மைப் பாடங்களும், மாணவர்கள் ‘அலைடு’ என்று சொல்லும் துணைப்பாடங்களும், விருப்பப் பாடங்களும், நான்காவது திறன் மேம்பாடு, சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி போன்ற சிறு தாள்கள், ஐந்தாவது நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு முதலிய விரிவாக்கப் பணிகள். 2023-24 கல்வியாண்டில் மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் பல பல்கலைக்கழகங்களில் நடைமுறைக்கு வந்த பிறகு தாள்களின் பெயர்களும் வரிசையும் ஓரளவு மாறியிருக்கின்றன, எலும்புக்கூடு மாறவில்லை. பிற மாநிலங்களிலும் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் தேசியக் கல்விக் கொள்கையின்படி நான்காண்டுப் படிப்பு வந்திருப்பதால், இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு பாடத்திட்டத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் மகள் சேரவிருக்கும் கல்லூரியின் இணையதளத்தில் உள்ள பாடத்திட்டத்தை மட்டும் இறக்கிப் படியுங்கள்.

வேதியியல் படிக்கப் போகிறோம் என்று ஆசையோடு வரும் மாணவிக்கு முதலாண்டில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு என்றால் அதில் ஏறத்தாழ 12 மணி நேரம் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விடும். மிச்சத்தில் துணைப்பாடமும் அதன் செய்முறையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நான்காம் பகுதியின் சிறு தாள்களும் உண்டு. ஆக, முதலாண்டில் வேதியியலுக்கென்று கிடைப்பது பாதியைவிடவும் குறைவு. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் மொழித்தாள்களை அலட்சியமாக விட்டுவிட்டு மூன்றாம் ஆண்டில் ஆங்கில அரியரைத் தூக்கிக்கொண்டு திரியும் வேதியியல் மாணவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. மே மாதம் எம்.எஸ்சி. சேர்க்கை நடக்கும்போது அந்த ஓர் அரியரால் ஓர் ஆண்டே வீணாகும்.

நான்காம் பகுதித் தாள்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பட்டப்படிப்புக்கும் கட்டாயமானதற்குப் பின்னால் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இருக்கிறது. வேதியியல் மாணவிக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயமாகவே இருக்கும். உணவு வேதியியல், பால் வேதியியல், அழகு சாதனப் பொருள்கள் போன்ற திறன் மேம்பாட்டுத் தாள்கள் எளிதானவை, மதிப்பெண் தருபவை. அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கப்பட்ட பிறகு அதன் வழியே வரும் பயிற்சிகளும் கால அட்டவணையில் சேர்ந்துகொண்டன. அவற்றின் தரம் பயிற்சி நடத்துவோரைப் பொறுத்தது.

முதன்மைப் பாடத்துக்கு வருவோம். வேதியியல் மூன்று கிளைகளாகக் கற்பிக்கப்படுகிறது: கனிம வேதியியல், கரிம வேதியியல், இயற்பிய வேதியியல். முதல் நான்கு செமஸ்டர்களில் இந்த மூன்றும் ‘பொது வேதியியல்’ என்ற பெயரில் ஒரே தாளுக்குள் கலந்து வரும். அணு அமைப்பு, தனிம வரிசை அட்டவணை, வேதிப் பிணைப்பு, கரிமச் சேர்மங்களின் பெயரிடு முறை, வாயு நிலை, திண்ம நிலை என்று தொடங்கும் முதலாண்டுப் பாடங்களில் பெரும்பகுதி பிளஸ் டூவில் பார்த்தவைதாம். ஆனால் அங்கே முடிவாகச் சொல்லப்பட்டது இங்கே கேள்வியாகக் கேட்கப்படும். மீத்தேனில் கார்பனின் பிணைப்புக் கோணம் 109.5 பாகை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவளிடம், அம்மோனியாவில் அது 107 ஆகவும் நீரில் 104.5 ஆகவும் ஏன் குறைகிறது என்பதைப் பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இணைகளைக் கொண்டு விளக்கச் சொல்வார்கள். ஐந்தாம், ஆறாம் செமஸ்டர்களில் மூன்று கிளைகளும் தனித்தனித் தாள்களாகப் பிரிந்து கனமாகும். அணைவுச் சேர்மங்கள், முப்பரிமாண வேதியியல், வினை வழிமுறைகள், மின்வேதியியல், நிறமாலையியல் எல்லாம் அப்போதுதான் முழு வடிவில் வரும்.

இவற்றில் கரிம வேதியியலைப் பற்றி உங்கள் மகள் கவலைப்பட வேண்டாம். அதற்கு வேண்டியது எண்கணக்கு அல்ல. எலக்ட்ரான் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று வளைந்த அம்புக்குறி போட்டுப் பின்தொடரும் பொறுமையும், ஒரு மூலக்கூறை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் பழக்கமும்தாம் வேண்டும். விலங்கியலில் இதயத்தையும் தாவரவியலில் பூவின் குறுக்குவெட்டையும் வரைந்து வரைந்து பழகிய கைக்கு இது இயல்பாகவே வந்துவிடும். பெயர் தாங்கிய வினைகளை மட்டும் வாய்ப்பாடுபோல ஒப்பித்துத் தேர்வெழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தேர்ச்சி பெற அது போதும், எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வில் ஒரு கேள்விக்கும் உதவாது.

சிக்கல் இயற்பிய வேதியியலில்தான் இருக்கிறது. வெப்ப இயக்கவியலில் ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபி என்ற சொல்லைப் பொருளோடு விளங்கிக்கொள்ள எந்தக் கணிதமும் தேவையில்லை. ஆனால், வெப்பநிலை மாறும்போது அது எவ்வளவு மாறும் என்று கேட்டால் தொகையீடு செய்ய வேண்டும். அழுத்தத்தை மாற்றாமல் வெப்பநிலையை மட்டும் மாற்றினால் என்னவாகும் என்பது பகுதி வகையீடு. குவாண்டம் வேதியியலில் ஒரு பரிமாணப் பெட்டிக்குள் அடைபட்ட துகளுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால் அது வகைக்கெழுச் சமன்பாடு. மூலக்கூறுகளின் சமச்சீர்மையைப் படிக்கும்போது அணிகள் தலைகாட்டும். இவை எதுவும் கணிதத் துறை கற்பிக்கும் அளவுக்கு ஆழமானவை அல்ல. மடக்கை, நேர்க்கோட்டின் சாய்வு, எளிய வகையீடு, எளிய தொகையீடு என்ற நான்கையும் கையில் வைத்திருப்பவர் பி.எஸ்சி. இயற்பிய வேதியியலில் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம் என்பது என் அனுபவம்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் மகள் அதை ஆய்வகத்தில் தன் கையாலேயே செய்யப்போகிறாள். மெத்தில் அசிட்டேட் என்ற எஸ்டரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கலந்து வைத்தால் அது மெல்ல மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைத் தரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கலவையிலிருந்து 2 மி.லி. பிப்பெட்டில் எடுத்து, பனிக்கட்டி போட்ட நீரில் விட வேண்டும். குளிர்ச்சியில் வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். உடனே பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைச் சேர்த்து, அளவுகோடிட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலுள்ள சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்க வேண்டும், அதாவது அமிலத்தை நடுநிலையாக்க அது எவ்வளவு செலவாகிறது என்று அளக்க வேண்டும். நேரம் ஆக ஆக அமிலம் கூடுவதால் பியூரெட் அளவும் கூடிக்கொண்டே போகும். வினை முற்றுப்பெற்ற பிறகு கிடைக்கும் கடைசி அளவுக்காக மறுநாள்வரை காத்திருக்கும் வழக்கமும் உண்டு. இதுவரை கணிதமே இல்லை, கடிகாரமும் கைநிதானமும் மட்டும்தான். அதற்குப் பிறகு, கடைசி அளவிலிருந்து ஒவ்வொரு அளவையும் கழித்து, வித்தியாசத்துக்கு மடக்கை கண்டு, நேரத்துக்கு எதிராக வரைபடத் தாளில் குறித்தால், ஒழுங்காகச் செய்த சோதனையில் புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் வந்து நிற்கும். கோட்டின் சாய்வை 2.303-ஆல் பெருக்கிக் குறியை மாற்றினால் வினைவேக மாறிலி.

இந்த இடத்தில்தான் வகுப்பு இரண்டாகப் பிரியும். 2.303 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கோடு, முதல் வகை வினையின் சமன்பாட்டைத் தொகையிட்டதன் விளைவு. இயல் மடக்கையைப் பத்தடி மடக்கையாக மாற்றும் எண்ணே 2.303. தெரியாதவர்களுக்கு அது ரெக்கார்டில் எழுதியே ஆக வேண்டிய ஒரு மந்திரம். இருவருக்கும் செய்முறைத் தேர்வில் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் கிடைப்பதால் வித்தியாசம் வெளியே தெரிவதில்லை. அடுத்த செமஸ்டரில், வெப்பநிலையோடு வினைவேகம் மாறுவதைச் சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாடு வந்து, அதிலும் ஒரு சாய்வு, அதிலும் ஒரு 2.303 என்று தொடரும்போது முதலாமவர்களுக்குப் பழைய நண்பரைப் பார்த்ததுபோல் இருக்கும், மற்றவர்களுக்கு மனப்பாடச் சுமையில் இன்னொரு மூட்டை ஏறும்.

ஆய்வகத்தைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும்; பாடத்திட்டத்தின் அட்டவணையில் ‘செய்முறை’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும் அதுவே இந்தப் பட்டத்தின் முதுகெலும்பு. பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டிலேயே பருமனறி பகுப்பாய்வு தொடங்கும். பிளஸ் டூவில் செய்த அதே பெர்மாங்கனேட் – ஆக்சாலிக் அமிலத் தரம்பார்த்தல்தான் இங்கும் வரும், ஆனால் கவனிக்க வேண்டியவை கூடும். ஆக்சாலிக் அமிலக் கரைசலில் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து 60 முதல் 70 பாகை செல்சியஸ்வரை சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டுகளின் நிறம் மறையச் சற்று நேரமாகும். பிறகு விட்டவுடன் மறையத் தொடங்கும். வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை முடுக்கிவிடுவதுதான் காரணம். அமிலமோ சூடோ போதாமல் போனால் குடுவையில் பழுப்பாகக் கலங்கிவிடும், அந்த அளவீடு வீண். வெளிர் இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் மறையாமல் நின்றால் அதுவே முடிவுநிலை. ‘இன்னும் ஒரு சொட்டு விட்டால் நன்றாகத் தெரியுமே’ என்று அடர் ஊதாவுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பெர்மாங்கனேட் கரைசலின் நிறம் அடர்த்தியானது என்பதால் பியூரெட்டில் திரவப் பரப்பின் வளைந்த அடிப்பகுதியான கீழ்ப்பிறையை விட்டுவிட்டு மேல்மட்டத்தை அளக்க வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லித்தருவார்கள். இரண்டாம் வாரத்தில் பாதிப்பேர் மறந்திருப்பார்கள்.

அடுத்து வருவது கனிம உப்புகளின் பண்பறி பகுப்பாய்வு, மாணவர் மொழியில் ‘சால்ட் அனாலிசிஸ்’. பள்ளியில் ஓர் உப்பில் ஒரு நேர்மின் அயனியும் ஓர் எதிர்மின் அயனியும் இருக்கும். கல்லூரியில் இரண்டிரண்டாக நான்கு இருக்கும். எதிர்மின் அயனிகளில் ஒன்று குறுக்கிடும் அயனியாக, அதாவது ஆக்சலேட், ஃபுளோரைடு, போரேட், பாஸ்பேட் போன்றவற்றில் ஒன்றாக இருக்கும். அதை நீக்காமல் தொகுதிப் பிரிப்பில், அதாவது நேர்மின் அயனிகளைத் தொகுதி தொகுதியாக வீழ்படிவாக்கிப் பிரித்தறியும் படிகளில், மேலே போகக் கூடாது. ஏன் என்பதை நான் பாடநூலில் கற்கவில்லை. என் பட்டப்படிப்புக் காலத்துச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த கலவையில் பாஸ்பேட் இருந்தது. பாஸ்பேட்டைக் காட்டும் மாலிப்டேட் சோதனையில் மஞ்சள் வீழ்படிவும் வந்தது. நேரம் போதாதென்ற பதற்றத்தில் பாஸ்பேட்டை நீக்கும் படியைத் தாண்டிவிட்டு, அம்மோனியம் குளோரைடையும் அம்மோனியம் ஹைட்ராக்சைடையும் சேர்த்தேன். வெள்ளையாக வீழ்படிவு விழுந்தது. மூன்றாம் தொகுதியில் வெள்ளை என்றால் அலுமினியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கலவையில் அலுமினியமே இல்லை, இருந்தது கால்சியம். அமிலக் கரைசலில் கரைந்தே இருந்த கால்சியம் பாஸ்பேட், கரைசல் காரமானதும் மூன்றாம் தொகுதியிலேயே விழுந்துவிட்டது. வீழ்படிவில் கொஞ்சம் எடுத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பார்த்திருந்தால், அலுமினியம் ஹைட்ராக்சைடாக இருந்தால் கரைந்திருக்கும், இது கரைந்திருக்காது. அந்த ஒரு நிமிடச் சோதனையையும் நான் செய்யவில்லை. கரைதிறன் பெருக்கம், பொது அயனி விளைவு என்று வகுப்பில் கேட்ட சொற்கள் எல்லாம் எனக்கு உண்மையில் புரிந்தது அன்று விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான்.

இதில் ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் இரண்டாம் தொகுதிக்கும் நான்காம் தொகுதிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்துவோம். இரும்பு சல்பைடும் நீர்த்த அமிலமும் போட்ட கிப்ஸ் சாதனம் ஆய்வகத்தின் மூலையில் அழுகிய முட்டை நாற்றத்தோடு நின்றுகொண்டிருக்கும். அது நச்சு வாயு. இப்போது பல கல்லூரிகள் அந்த முறையைக் கைவிட்டுத் தயோஅசிட்டமைடு கரைசலுக்கோ சல்பைடே தேவைப்படாத சோதனைகளுக்கோ மாறிவிட்டன. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கமும் ஒழிய வேண்டியதே. ரப்பர் பல்ப் கொடுக்கிறார்களா என்று கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கரிமப் பகுப்பாய்வில் சோடியத்தோடு உருக்கி நைட்ரஜன், கந்தகம், ஹாலஜன் இருக்கின்றனவா என்று கண்டறியும் லாசைன் சோதனை, வினைத்தொகுதியைக் கண்டறிதல், வழிப்பொருள் தயாரித்தல் ஆகியவை இருக்கும். தயாரிப்புச் சோதனைகளில் மெத்தில் சாலிசிலேட்டிலிருந்து சாலிசிலிக் அமிலம் எடுப்பது வழக்கமான ஒன்று. எண்ணெய் வடிவில், தலைவலித் தைலத்தின் மணத்தோடு இருக்கும் திரவம், காரத்தோடு கொதித்து, அமிலம் விட்டதும் வெண்பொடியாக விழும்; வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் ஊசி ஊசியாகப் படிகம் வளரும். அதன் உருகுநிலை 159 பாகைக்கு அருகில் வந்தால் தூய்மையாக எடுத்திருக்கிறாள் என்று பொருள். எடையறி பகுப்பாய்வு பொறுமையைச் சோதிக்கும். நிக்கலை டைமெத்தில் கிளையாக்சைமோடு சேர்த்துச் சிவப்பு வீழ்படிவாக்கி, வடிகட்டி, உலர்த்தி, எடை மாறாத நிலை வரும்வரை திரும்பத் திரும்ப நிறுக்க வேண்டும். மின்கடத்துதிறன், மின்னழுத்தத் தரம்பார்த்தல் இரண்டும் இயற்பிய வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவை. இங்கே மீண்டும் வரைபடமும் சாய்வும் வந்துவிடும்.

இனித் துணைப்பாடம். நீங்கள் உண்மையில் முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான், சேர்க்கையின்போதே எடுத்துவிடவும் வேண்டும். வேதியியல் மாணவர்களுக்குக் கல்லூரிகள் பொதுவாகக் கணிதம், இயற்பியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றில் இரண்டை, ஆண்டுக்கு ஒன்றாக வழங்கும். எந்த இணை என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்; சில இடங்களில் மாணவர் தேர்ந்தெடுக்கலாம், சில இடங்களில் ஷிப்டுக்கு ஏற்ப ஒரே இணைதான். பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவருக்குத் துணைப்பாடமாகக் கணிதத்தைத் தராத கல்லூரிகளும் உண்டு. அங்கே உங்கள் மகளுக்கு உயிரியல் சார்ந்த பாடமும் இயற்பியலும் அமையும். எம்.எஸ்சி. வேதியியல் சேர்க்கைக்குத் துணைப்பாடமாகக் கணிதமோ இயற்பியலோ படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் நிறுவனங்கள் இருப்பதால், இயற்பியலையாவது விட்டுவிடாமல் இருப்பது நல்லது. தாவரவியலும் விலங்கியலும் மட்டுமே இணையாக வரும் கல்லூரி என்றால், வேறு கல்லூரி கிடைக்கும் பட்சத்தில் நான் அங்கே சேர்க்கச் சொல்ல மாட்டேன். எளிதாகத் தேறிவிடலாம் என்று எடுக்கும் இணை, பின்னால் ஒரு கதவைச் சாத்திவிடக்கூடும்.

துறைகளுக்கு இடையிலான சுவர் நாம் நினைப்பதுபோல் அவ்வளவு உயரமானதல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் பிறந்து, பரோடாவில் இயற்பியலில் பி.எஸ்சி. முடித்து, அமெரிக்காவில் இயற்பியலிலேயே முனைவர் பட்டமும் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது வேதியியலில். அவர் ஆராய்ந்த ரைபோசோம் உங்கள் மகள் விலங்கியலில் படித்த பொருள். உயிரியல் பின்னணியோடு வரும் மாணவி வேதியியலில் பின்தங்கியவள் என்று எண்ண வேண்டியதில்லை. உயிர்வேதியியல், மருந்து வேதியியல் போன்ற விருப்பப் பாடங்கள் இறுதியாண்டில் வரும்போது கணிதப் பிரிவிலிருந்து வந்தவர்கள் அவளிடம் கேட்டுப் படிப்பார்கள்.

மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடங்களோடு, நான்காம் செமஸ்டர் விடுமுறையில் செய்த தொழிலகப் பயிற்சிக்கும் கிரெடிட் உண்டு. சான்றிதழ் வாங்குவதற்காக மட்டும் அதைச் செய்யாமல், ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலோ, நீர்ப் பரிசோதனைக் கூடத்திலோ இரண்டு வாரமாவது நிற்க முடிந்தால் நிறையக் கற்கலாம். மின்வேதியியலில் ஆர்வம் வந்தால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. பலபடிகள், தோல் சார்ந்த வேதியியல் என்றால் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். நிறமாலையியலைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: அகச்சிவப்புக் கருவியைப் பார்க்க முடிந்தாலும், அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியை வைத்திருக்கும் இளநிலைக் கல்லூரிகள் அரிது. அச்சிட்ட நிறமாலைகளை வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். அகச்சிவப்பு நிறமாலையில் 1700 செ.மீ⁻¹ அருகில் வலுவான உச்சி தெரிந்தால் கார்போனைல் தொகுதியைச் சந்தேகி என்ற அளவில் தொடங்கி, தாளில் உள்ள நிறமாலைகளை விடுகதைபோல அவிழ்த்துப் பழகுவதே வழி.

தேர்வு முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணைவுக் கல்லூரிகளில் எழுத்துத் தாளுக்குப் பெரும்பாலும் இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தேர்ச்சிக்கு 40 விழுக்காடு. தன்னாட்சிக் கல்லூரிகள் இதைத் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும். செய்முறைத் தேர்வுக்குச் சான்றொப்பமிட்ட ரெக்கார்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அன்றன்று எழுதாமல் கடைசி வாரத்தில் மொத்தமாக எழுதுவது ஒரு பழைய கல்லூரி வியாதி.

பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். பயன்பாட்டு வேதியியல், தொழில்துறை வேதியியல் என்ற பெயர்களிலும் பட்டங்கள் உண்டு. பாடம் நன்றாகவே இருக்கும். ஆனால் ஆசிரியர் பணிக்கோ அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டம் பி.எஸ்சி. வேதியியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர வேண்டும். தமிழ்வழியில் வேதியியல் கற்பிக்கும் அரசுக் கல்லூரிகளும் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் மகள் தமிழ்வழியில் பள்ளி முடித்தவள் என்றால் இதையும் கணக்கில் கொள்ளுங்கள். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் போன்ற இடங்களுக்குப் போக விரும்பினால் ‘ஜாம்’ தேர்வு எழுத வேண்டும்: மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். அதன் வேதியியல் பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்தால், இயற்பிய வேதியியல் பகுதியில் முதலில் நிற்பது அடிப்படைக் கணிதம்.

ஆகவே கல்லூரி திறக்கும்வரை இருக்கும் வாரங்களில் உங்கள் மகள் வேதியியலை முன்கூட்டிப் படிக்க வேண்டாம். பிளஸ் ஒன் கணிதப் பாடநூலை அரசின் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொண்டு, மடக்கை, நேர்க்கோடு, வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் ஆகிய பகுதிகளில் வரும் எளிய கணக்குகளை மட்டும் நாளுக்கு ஒரு மணி நேரம் போட்டுப் பார்க்கட்டும், கடினமானவற்றை விட்டுவிடலாம். கூடவே ஒரு மடக்கை அட்டவணையும் பத்து வரைபடத் தாள்களும் வாங்கிக் கொடுங்கள். ஆய்வகத்துக்கு வெள்ளை மேலங்கி கல்லூரியிலேயே சொல்வார்கள். பருத்தியில் தைத்ததாக வாங்குங்கள், பாலியெஸ்டர் வேண்டாம். பன்சன் சுடருக்கு அருகில் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.